கேளுங்க ஆச்சி: மெஸ் பில், தண்ணிச் சாம்பார், இன்னும் சில தலைவலிகள்

கல்லூரி திறந்துவிட்டால் எனக்கு வருகிற கடிதங்கள் எல்லாம் ஒரே வாசனைதான். போன மாதம் வரை மருமகள் பிரச்சினை, மாடித் தோட்டம் என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள், இப்போது பாதிக்கு மேல் விடுதிச் சாப்பாடு. வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு அறை விட்டு, கீழே மெஸ்ஸும் நடத்துகிறவள் என்பதால் என்னிடம் கேட்டால் நியாயம் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள் போல. நான் கரண்டி பிடிக்கிற பக்கம் நிற்பவள், அதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

ஆச்சி, நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் விடுதியில் ஒரு மாதம் மெஸ் பில் 3,000 வருகிறது, அடுத்த மாதம் 3,600. சாம்பார் மட்டும் இரண்டு மாதமும் ஒரே தண்ணி. யாரோ காசடிக்கிறார்கள் என்கிறான் ரூம்மேட். உண்மையா?
— திருவாரூர்ப் பக்கத்து மாணவர், காரைக்குடி

அடிக்கிறார்களா இல்லையா என்பதற்கு அப்புறம் வருகிறேன் தம்பி. பில் எப்படிப் போடுகிறார்கள் என்று உனக்கும் தெரியாது, உன் ரூம்மேட்டுக்கும் தெரியாது, அதை முதலில் பார்த்துவிடுவோம்.

உங்கள் விடுதியில் அநேகமாக டிவைடிங் சிஸ்டம்தான் இருக்கும். மாதம் முழுக்க வாங்கிய மளிகை, காய்கறி, பால், கேஸ், சில இடங்களில் சமையல்காரர் சம்பளம் வரை எல்லாவற்றையும் கூட்டுவார்கள். எத்தனை பேர் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்பதை இன்னொரு பக்கம் கூட்டுவார்கள். இதை அதால் வகுத்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாள் செலவு. 300 பேர் 30 நாள் சாப்பிட்டால் 9,000 சாப்பாட்டு நாள். செலவு 9 லட்சம் என்றால் நாளைக்கு 100 ரூபாய், உன் பில் 3,000. சரி. இப்போது பொங்கல் மாதம் வருகிறது, பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுகிறார்கள், ஆளுக்குச் சராசரி 20 நாள்தான் என்று வைத்துக்கொள். 6,000 சாப்பாட்டு நாள். செலவும் அதே கணக்கில் 6 லட்சமாக இறங்கும் என்று நினைப்பாய், இறங்காது. சமையல்காரருக்குச் சம்பளம் அதேதான், ஆள் குறைந்தாலும் கேஸ் அதே கணக்கில் குறையாது, பால்காரரிடம் சொல்லி வைத்த பால் வந்துகொண்டுதான் இருக்கும். செலவு 7,20,000 என்று நின்றால் நாளைக்கு 120 ரூபாய். ஊருக்குப் போகாமல் 30 நாளும் உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு 3,600.

இன்னொரு கூத்தும் உண்டு. பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு, போவதற்கு முன் இத்தனை நாள் சாப்பிட மாட்டேன், கழித்துவிடுங்கள் என்று மெஸ் ரிடக்‌ஷன் எழுதிக் கொடுக்காமல் விட்டவனுக்கும் 30 நாள் பில்தான் வரும். எத்தனை நாளைக்கு முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், குறைந்தது எத்தனை நாள் தொடர்ந்து போனால் கழிப்பார்கள் என்பது விடுதிக்கு விடுதி மாறும். நோட்டீஸ் போர்டில் ஒட்டித்தான் வைத்திருப்பார்கள், அதை யார் படிக்கிறீர்கள்? முதல் வேலையாகப் போய்ப் படி.

இப்போது காசடிக்கிற விஷயம். ஸ்டோர் ரூமில் ஸ்டாக் புத்தகம் என்று ஒன்று இருக்கும். கையிருப்பு, வாங்கியது, அன்றைக்கு எடுத்துக் கொடுத்தது, மீதி என்று பத்தி போட்டு எழுதியிருப்பார்கள். எல்லாவற்றையும் புரட்டாதே, துவரம் பருப்பையும் எண்ணெயையும் மட்டும் பார். ஆளுக்கு 30 கிராம் பருப்பு போட்டால் சாம்பார் சாம்பாராக இருக்கும், 300 பேருக்கு 9 கிலோ. புத்தகத்தில் 9 கிலோ எடுத்ததாக எழுதியிருந்து, அண்டாவில் தண்ணி அலையடித்தால், அந்தப் பருப்பு எங்கே போனது என்று வார்டனிடம் கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. ஐந்து கிலோதான் எடுத்திருக்கிறார்கள் என்றால் அது திருட்டு இல்லை, பில் ஏறக்கூடாது என்று நீங்களே கத்தியதால் மெஸ் கமிட்டி இழுத்துப் பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் வேறு வேறு சண்டை போட வேண்டும்.

காலையில் காய்கறி வந்து இறங்குகிற நேரத்துக்கு ஒரு நாள் எழுந்து போய்த் தராசுப் பக்கத்தில் நில், ஒன்றும் பேச வேண்டாம். மாணவர்கள் சார்பில் மெஸ்ஸைக் கவனிக்கிற மெஸ் ரெப் பதவிக்கு ஆள் கேட்டால் கையைத் தூக்கு. எல்லா விடுதியிலும் இந்தப் பதவிக்கு ஆள் பிடிப்பதற்குள் வார்டனுக்கு உயிர் போய்விடுகிறது. குறை சொல்ல முந்நூறு வாய் இருக்கிறது, காலை ஆறு மணிக்குத் தக்காளி நிறுத்துப் பார்க்க ஒரு கை இல்லை.

செட்டிநாட்டில் வந்து படிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் மெஸ் சிக்கனைச் சாப்பிட்டால் அழுகை வருகிறது. இதுதான் செட்டிநாட்டுச் சமையலா?
— முதலாண்டு மாணவர், ஓசூர்

தம்பி, 300 பேருக்குச் சின்ன வெங்காயம் யார் உரிப்பது, நீ உரிப்பாயா? கல்பாசியும் அன்னாசிப்பூவும் மராட்டி மொக்கும் வறுத்து, மிளகும் சோம்பும் அன்றன்றைக்கு அரைத்துப் போட்டால்தான் அந்த மணம். மெஸ்ஸில் பெரிய வெங்காயத்தை வெட்டிக் கொட்டி, பாக்கெட் மசாலாவைப் பிரித்துப் போடுவார்கள், அதுவும் வாரத்தில் ஒரு நாள்.

ஆனால் ஒன்று. நீ தேடிக்கொண்டு வந்த காரம் ஓட்டல்காரர் போட்டது. எங்கள் வீடுகளில் கத்திரிக்காய்க் கோசமல்லி, அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கிற வெண்டைக்காய் மண்டி, உளுந்தும் பச்சரிசியும் பாசிப்பருப்பும் வறுத்து அரைத்துக் கருப்பட்டி போட்டுக் கிளறுகிற கும்மாயம் என்று நாக்கு எரியாத சமையல்தான் நிறைய. உன் வகுப்பில் பள்ளத்தூர், கண்டனூர், தேவகோட்டைப் பக்கத்துப் பையன் எவனாவது இருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய்விட்டு வா. வெறுங்கையோடு போகாதே, பழம் வாங்கிக்கொண்டு போ.

மகன் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவன் அப்பச்சி மாதம் ஒரு முறை பல்லவன் ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். என்ன கொடுத்துவிட்டால் கெடாமல் இருக்கும் ஆச்சி? போன முறை வெள்ளைப் பணியாரம் கொடுத்துவிட்டேன், தோல் மாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டான்.
— ஒரு தாய், கானாடுகாத்தான்

வெள்ளைப் பணியாரத்தையா ரயிலில் ஏற்றினீர்கள்? அது எண்ணெய்ச் சட்டியிலிருந்து தட்டுக்கு, தட்டிலிருந்து வாய்க்கு. வெளியூர்ப் பயணம் அதற்கு ஒத்து வராது. பால் பணியாரம், கந்தரப்பம் எல்லாமே ஒன்றிரண்டு நாளைக்குள் தின்று தீர்க்க வேண்டியவை.

மாதக் கணக்கில் நிற்க வேண்டும் என்றால் ஈரம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் சூத்திரம். தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம் இதெல்லாம் அதற்காகவே நம் ஆட்கள் கப்பலேறிப் போன காலத்திலிருந்து டின்னில் அடைத்துக் கொடுத்த சாமான்கள். மனகோலத்தில் தேங்காய்ப் பல் போடுவீர்கள் இல்லையா, அதை நன்றாகச் சிவக்க வறுத்துப் போடுங்கள், ஒன்று பச்சையாக இருந்தாலும் டின் முழுக்கச் சிக்கு வாடை அடித்துவிடும். பொரித்ததைச் சூட்டோடு மூடாதீர்கள், மூடியில் வேர்த்து உள்ளே சொட்டும்.

பொடிதான் பிள்ளைக்கு உண்மையான துணை. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி மூன்றும் கொடுங்கள். மெஸ்ஸில் குழம்பு வாயில் வைக்க முடியாத அன்றைக்குச் சோற்றில் பொடியைப் போட்டு நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்தால் ஒரு வேளை ஓடிவிடும். அப்புறம் புளிக்காய்ச்சல். புளியும் எண்ணெயும் சேர்ந்து அதைக் காப்பாற்றும். மேலே ஒரு விரல் உயரம் நல்லெண்ணெய் மிதக்க வேண்டும். ஆனால் ஈரக் கரண்டி ஒரு தடவை உள்ளே போனால் மூன்றாம் நாள் பூஞ்சை பூக்கும். ஒரு சின்ன மரக்கரண்டியை ஜாடி மூடியிலேயே நூல் போட்டுக் கட்டிக் கொடுத்துவிடுங்கள், பையன்கள் தேட மாட்டார்கள், கையில் கிடைத்ததை விடுவார்கள். உப்புக்கண்டம் வேண்டவே வேண்டாம். அவன் அதை எங்கே பொரிப்பான்? அந்த வாடைக்கு ரூம்மேட் வார்டனிடம் ஓடுவான்.

அறையில் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு அத்தனை பேருக்கும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் மகனுக்கு மட்டும் அளந்து கொடுத்தால் அவனுக்குக் கால்வாசிதான் மிஞ்சும்.

காலையில் எட்டரைக்கு வகுப்பு. தலை காய்வதற்குள் மெஸ்ஸில் இட்லி முடிந்துவிடுகிறது. இரண்டு பிஸ்கட், ஒரு டீயோடு ஓடுகிறேன். இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கண் இருட்டுகிறது. படிப்புச் சுமை என்று நினைக்கிறேன்.
— முதுகலை மாணவி

படிப்புச் சுமை கண்ணை இருட்டாது ஆத்தா. நாளைக்கே உங்கள் வளாகத்து மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ஹீமோகுளோபின் பார். விரலில் ஒரு குத்து, முடிந்தது. பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. குறைவாக இருந்தால் அவர்கள் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். அதை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடாமல் விழுங்கு. மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தும் பிள்ளைகள் நிறைய. நிறுத்தாதே.

டீ குடிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் கேட்கமாட்டாய். ஆனால் சாப்பாட்டோடும், சாப்பிட்ட கையோடும் குடிக்காதே. சாப்பாட்டில் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்பையும் டீ உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் போகட்டும். மெஸ்ஸில் கீரை போடுகிற அன்று ஒரு எலுமிச்சைத் துண்டைப் பிழிந்துகொள், இல்லாவிட்டால் ஒரு நெல்லிக்காயைக் கடி, அது இரும்பு சேர உதவும்.

அறையில் வறுகடலையும் கடலை உருண்டையும் எப்போதும் இருக்கட்டும். முட்டை சாப்பிடுகிறவள் என்றால் மெஸ்ஸில் கூடுதல் முட்டைக்குக் காசு கட்டிவிடு, ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. உன் எடை 50 கிலோ என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு நாற்பது கிராமாவது வேண்டும். இட்லி, பிஸ்கட், எலுமிச்சை சாதம் என்று ஓட்டினால் அதில் பாதிகூடத் தேறாது. தலைக்கு ராத்திரி குளி. அல்லது ஈரத் தலையோடு போய் இட்லியை வாங்கி டிபன் பாக்ஸில் போட்டுக்கொள், உன் தலையை அங்கே யாரும் பார்க்கப் போவதில்லை.

நாங்கள் நான்கு பேர் விடுதி வேண்டாம் என்று வெளியே வீடு எடுத்திருக்கிறோம். இண்டக்‌ஷன் அடுப்பு வைத்தால் பியூஸ் போகிறது. வீட்டுக்காரர் திட்டுகிறார். சமைப்பது யார், பாத்திரம் கழுவுவது யார் என்று தினம் சண்டை வேறு. என்ன செய்வது?
— கழனிவாசல் பக்கம் தங்கியிருக்கும் மாணவர்கள்

அடுப்பு விஷயம் சுலபம். சாதாரணச் சின்ன பிளக் 6 ஆம்பியருக்கு உள்ளது, 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 1,380 வாட். உங்கள் இண்டக்‌ஷன் முழு வேகத்தில் 2,000 வாட் இழுக்கும். பியூஸ் போகாமல் என்ன செய்யும்? போனது நல்லது, போகாவிட்டால் ஒயர் உருகியிருக்கும். 16 ஆம்பியர் பெரிய பிளக் இருக்கிற இடத்தில் மட்டும் வையுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே மாட்டாதீர்கள். இல்லையென்றால் 5 கிலோ சின்ன கேஸ் சிலிண்டர் கிடைக்கிறது, முகவரிச் சான்று கேட்கமாட்டார்கள், அடையாள அட்டை போதும். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். விடுதி அறையில் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஆசைப்படாதீர்கள், அங்கே இரண்டுமே கூடாது.

சண்டைதான் பெரிய விஷயம். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் பழைய வழக்கம் ஒன்று உண்டு, கல்யாணமான பிள்ளையை வேறு வைப்பார்கள். வீடு ஒன்றுதான், முற்றம் ஒன்றுதான், நல்லது கெட்டதுக்கு எல்லோரும் ஒன்றாகத்தான் நிற்பார்கள். ஆனால் அவரவருக்கு அடுப்பு தனி, சாமான் அறை தனி, வருஷச் செலவுக்கு இவ்வளவு என்று கணக்கும் தனி. நாலு மருமகள்கள் ஒரே கூரையின் கீழ் காலம் தள்ளியது இதனால்தான்.

நீங்கள் நாலு அடுப்பு வைக்க முடியாது. ஆனால் கணக்கைத் தனியாக வைக்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும், செயலி எல்லாம் பிறகு. மாத ஆரம்பத்தில் ஆளுக்கு ஒரே தொகை டப்பாவில். அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ் மட்டும் பொதுச் செலவு. ஒருவனுக்கு மட்டும் வேண்டிய நூடுல்ஸ், இன்னொருவனுடைய புரோட்டீன் பவுடர் இதெல்லாம் அவனவன் செலவு. ஊருக்குப் போகிறவனுக்கு அந்த நாள் கழியாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன பொங்கல் மாதக் கணக்கு உங்கள் வீட்டிலும் வந்து நிற்கும். சமைத்தவன் பாத்திரம் கழுவ வேண்டாம், இது ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். காய் வாங்குவதைத் திங்கட்கிழமைச் சந்தையில் வைத்துக்கொண்டால் வாரத்துக்கு மலிவாக முடியும். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் போனால் இன்னும் இறங்கும், ஆனால் தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

அப்பா கட்டட வேலை. சீட் கிடைத்துவிட்டது, விடுதிக் கட்டணம் கட்ட முடியவில்லை. படிப்பை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.
— அரசுப் பள்ளியில் படித்த மாணவி, சிவகங்கை மாவட்டம்

விடக்கூடாது. ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்துகிற அரசு விடுதிகளில் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தங்குவதும் சாப்பாடும் இலவசம். 2025-இல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள், போர்டில் அந்தப் பெயர் இருந்தால் குழம்பாதே. பெற்றோர் வருமானத்துக்கு ஒரு வரம்பு உண்டு, சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கையில் வைத்துக்கொள். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இன்றைக்கே விடுதிக் காப்பாளரைப் போய்ப் பார்.

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கே வரும், 2022-இலிருந்து கொடுக்கிறார்கள். தம்பி இருந்தால் அவனுக்குத் தமிழ்ப் புதல்வன், அதுவும் 1,000 ரூபாய். விண்ணப்பம் கல்லூரி மூலமாகத்தான் போகும், அலுவலகத்தில் இதைப் பார்க்கிற ஆள் யார் என்று பெயர் சொல்லிக் கேள். அப்புறம் வாருங்கள் என்றால், எந்தத் தேதிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்.

சீனியர்கள் ராத்திரி பதினோரு மணிக்கு எழுப்பி, வெளியே போய்ப் பரோட்டா வாங்கி வரச் சொல்கிறார்கள். காசும் எங்களுடையது. இது ராகிங்கா, பழக்கமா?
— பெயர், ஊர் வேண்டாம்

ராகிங்தான். தமிழ்நாட்டில் 1997-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகளும் இருக்கின்றன. 1800-180-5522 இலவச எண், எந்த நேரமும் கூப்பிடலாம். வார்டனிடம் எழுத்தில் கொடு, ஒரு நகலை வைத்துக்கொள். ஒரு தடவை வாங்கிக் கொடுத்துவிட்டால் நான்கு வருஷத்துக்கும் நீதான் பரோட்டாக்காரன்.

இந்தப் பொட்டல் காட்டில் இவ்வளவு பெரிய வளாகம் எதற்கு ஆச்சி? விடுதிக்கும் வகுப்புக்கும் நடந்தே பாதி உயிர் போகிறது.
— பெரம்பலூர் மாணவி, காரைக்குடி

பொட்டல் காடாக இருந்ததால்தான் இவ்வளவு இடம் கிடைத்தது. கோட்டையூர்க்காரர் அழகப்பச் செட்டியார் 1947-இல் கலைக்கல்லூரி ஆரம்பித்தார், அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. சிக்ரி என்று சொல்கிற மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்தக் காலத்து 15 லட்சம்! அவர் 1957-இல் போய்விட்டார், அப்போது நாற்பத்தெட்டு வயதுகூட நிறையவில்லை. அவர் போட்ட கல்லூரிகளின் மேல்தான் 1985-இல் அரசு அழகப்பா பல்கலைக்கழகத்தைக் கொண்டுவந்தது. மனிதர் நிலத்தை அள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார், நடக்கிற வேலை நம்முடையது.

பழைய சைக்கிள் ஒன்று வாங்கிக்கொள். மார்ச் பிறந்துவிட்டால் செம்மண் அனலடிக்கும், மத்தியானம் ஒரு மணிக்குக் குடையில்லாமல் இறங்காதே, தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பாமல் வகுப்பை விட்டுக் கிளம்பாதே.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மெஸ் கிடையாது. காரைக்குடியில் வயிற்றுக்கும் பைக்கும் ஒத்துவருகிற மாதிரி என்ன சாப்பிடலாம்?
— மூன்றாமாண்டு மாணவர்

இட்லிக்கடை எங்கே கூட்டமாக இருக்கிறதோ அங்கே. சாயங்காலம் என்றால் பணியாரச் சட்டி வைத்திருக்கிற அம்மாக்களைப் பார், காரப் பணியாரம் எட்டு, பத்து உள்ளே போனால் ராத்திரிக்கு இடியாப்பமோ இரண்டு தோசையோ போதும். கல்லுக்கட்டி, ஐந்து விளக்குப் பக்கம் ஒரு நடை போனாலே உனக்கு வேண்டியது கண்ணில் படும். பிரியாணியை ஞாயிறு ராத்திரி கடைசியாக வாங்காதே, மத்தியானம் வடித்தது. மழைக்காலத்தில் தள்ளுவண்டிச் சட்னியைத் தவிர்த்துவிட்டுப் பொடியும் எண்ணெயும் கேள், கேட்டால் கொடுப்பார்கள். எங்கள் மெஸ்ஸும் ஞாயிறு ராத்திரி கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன், கதவைத் தட்டாதீர்கள்.